நேசம்மாள் நினைவு மண்டபம்

"சலுகைக்காகத்தானே நீரு மதம் மாறினீரு?"

சபைப் பொருளாளர் செல்வதாஸ் எழுந்து நின்று கேட்டதும் மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

கேள்வி மேடையில் இருந்த தம்மரத்தினத்துக்கு. அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த பௌத்தர். பிறந்தது இதே ஊரில், இதே சபையில், யேசுரத்தினமாக. பெயரில் பாதியை மாற்றிக்கொண்டு பாதியை அப்படியே வைத்திருந்தார்.

கூட்டத்தை நடத்தியவள் ரெஜிலா. நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியை. அந்தக் கேள்வியைத் தடுத்திருக்க வேண்டியவள் அவள்தான்.

அவள் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

தம்மரத்தினம் கோபப்படவில்லை. "எஸ்.சி. சலுகை கிடைச்சது உள்ளதுதான். கிறிஸ்தவனா இருந்திருந்தா கிடைச்சிருக்காது, அதுவும் உள்ளதுதான். ஆனா நான் போனது அதுக்கில்ல. எனக்க அம்மையை அடக்கம் பண்ணின அண்ணைக்குப் போனேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷத்து மனித உரிமை நாள் அது. கிறிஸ்தவமும் பௌத்தமும் மனித உரிமையை எப்படிப் பார்க்கின்றன என்று ஒரே மேடையில் பேசவைப்பது ரெஜிலாவின் யோசனை. மண்டபமும் அவள் குடும்பம் கட்டிக்கொடுத்ததுதான். சவுதியில் இருக்கும் அண்ணனும் அவளும் சேர்ந்து, இறந்துபோன அம்மாவின் பெயரில் சபைக்குக் கொடுத்தது.

காலையில் போதகர் ஆன்ட்ரூஸ் பேசினார். மனிதன் தேவசாயல், ஆகவே அவன் உரிமை தேவன் கொடுத்தது, எந்த அரசாலும் அதைப் பறிக்க முடியாது என்றார். நல்ல கைதட்டல்.

அடுத்துப் பேசிய தம்மரத்தினம் கொஞ்சம்தான் பேசினார். "எங்களுக்கு உரிமைங்குதது பொறவு வந்த சொல்லு. துக்கம்னு ஒரு சொல்லுதான் மொதல்ல. யாருக்கு வலிக்குதுன்னு கேளுங்க. நீதி அங்கண இருந்துதான் ஆரம்பிக்கும்."

அதற்குத்தான் செல்வதாஸ் எழுந்தது.

மதியம் எல்லோரும் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது, தம்மரத்தினம் மட்டும் வேப்பமரத்தடியில் தனியாக நிற்பதை ரெஜிலா கண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனாள்.

"செல்வதாஸ் அண்ணன் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது சார்."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். "நீங்க நேசம்மா டீச்சருக்க மவளாக்கும், இல்லியா? அதே முகம்."

ஞாயிறு பள்ளியில் மலைப்பிரசங்கம் முழுவதையும் அவருக்கு மனப்பாடமாக்கிக் கொடுத்தது அவள் அம்மாதானாம். இப்போதும் ஒரு வசனம் பிசகாது என்றார். "டீச்சர் எங்கள மத்த பிள்ளையளுக்க கூடத்தான் இருத்துவாங்க. அந்தக் காலத்துல அது பெரிய காரியம்."

ரெஜிலாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காலையில் விழுந்த கறை கழுவிப்போனது போல இருந்தது.

"அம்மைக்க கல்லறை பக்கத்துலதான். பாக்க வாறியளா?" என்று கேட்டாள்.

சபைக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். மதிலையொட்டி அம்மாவின் வெள்ளைப் பளிங்குக் கல். தம்மரத்தினம் கைகூப்பி வெகுநேரம் நின்றார். உதடுகள் அசைந்தன. பௌத்த மந்திரமா, பைபிள் வசனமா, அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது, மரியாதைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள். "உங்க அம்மையும் இங்கதானா சார்?"

"இல்ல. எனக்க அம்மை சாவுத வர இந்தக் கோயிலைத் தூத்துப் பெருக்கினா. ஆனா எங்க ஆளுகளுக்கு மதிலுக்கு அந்தப் பக்கமாக்கும் இடம்."

ரெஜிலா மதிலுக்கு மேலே பார்த்தாள்.

அந்தப் பக்கம் மண்டபம் நின்றது.

தம்மரத்தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கூப்பிட்டப்போ, ஒருக்கா வந்து அவகிட்ட நிக்கலாமேன்னுதான் வந்தேன்" என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மண்டபத்துக்கு அஸ்திவாரம் போடும் முன்பு ஆராதனையில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். மதிலுக்கு வெளியே உள்ள பழைய கல்லறை நிலத்துக்கு உரிமை கோருவோர் இருந்தால் சபை அலுவலகத்தில் தெரிவிக்கவும். மூன்று ஞாயிறு வாசித்தார்கள். யாரும் வரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் வேறு சபைக்கும் வேறு ஊருக்கும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் உட்கார்ந்து ரெஜிலா அதைக் கேட்டாள். யாருடைய கல்லறை என்று கேட்கத் தோன்றவில்லை.

இல்லை, தோன்றியது. கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அடுத்த அமர்வு சமூக நீதி. தலைமை அவள்தான்.

மண்டபத்து வாசல்படி வரைக்கும் வந்துவிட்டாள். படியேறாமல் நின்றாள். உள்ளே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பின்னால் வந்த தம்மரத்தினம் அவள் நிற்பதைப் பார்த்தார். தாழ்ந்த குரலில், அந்நிய வீட்டுக்கு வந்தவளை உள்ளே கூப்பிடுவது போலச் சொன்னார்:

"கேறுங்க டீச்சர். எனக்க அம்மை ஒண்ணும் நெனைக்க மாட்டா."

ரெஜிலா ஏறினாள்.

அன்று அவள் மிக நன்றாகப் பேசினாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.