பிள்ளைச்சாவடி வந்தால் கொதிக்கும்

"இது நடுவழியில நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லு தம்பி."

உழவர்கரை ஷோரூமில் புது ஹைபிரிட் பிக்கப்பைச் சுற்றி வந்த குப்பன் கேட்டார். குருசுக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை மீன் ஏற்றிப் போகிறவர். பழைய டீசல் வண்டிக்கு இனி எஃப்.சி. தகுதிச் சான்று கிடையாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிவிட்டதால், மகன் விமல்ராஜ் அவரை இழுத்து வந்திருந்தான்.

"நிக்கவே நிக்காதுங்கய்யா," என்றான் விற்பனையாளன் ராஜவேல். "பேட்டரி சோர்ந்தா இன்ஜின் இழுக்கும். இன்ஜின் மக்கர் பண்ணா பேட்டரி கொஞ்ச தூரம் கொண்டாந்து விட்டுடும்."

"சூடாயி கொதிக்குமா?"

"அந்தப் பேச்சே இல்ல."

"ரெண்டு உசுரு இருக்கிற வண்டின்னா ரெண்டு சீக்கு வரும்ல?"

"எல்லாரும் இப்பிடித்தான் பயப்படறாங்க. எட்டு வருசம் வாரண்டி தரோம்."

"எட்டு வருசமா," என்றார் குப்பன். முகம் வாடிவிட்டது.

விமல்ராஜ் சிரித்தான். "எங்க பழைய வண்டி பிள்ளைச்சாவடி வந்தா தவறாம கொதிக்கும்ங்க. ரேடியேட்டரக்கூட மாத்திப் பாத்துட்டோம். வேற எங்கயும் கொதிக்காது, அங்க மட்டும்தான்."

"மேடு ஏதும் இருக்கா?"

"சமதரை மாதிரி இருக்கும்."

குப்பனுக்கு அது காதில் விழவில்லை போலிருந்தது. "பூவரச மரத்து நெழல்ல ஓரங்கட்டுவேன். முக்கு திரும்பறப்பவே நம்ம வண்டி சத்தம் கேட்டுடும். எதிர்வூட்டு அம்மா கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துடும். 'இந்த ஓட்ட வண்டிய எப்பத்தான் தலமுழுவப் போறியோ'ன்னு திட்டிக்கிட்டே ஊத்தும். வண்டி குடிச்சது போவ மீதிய நான் குடிப்பேன். வண்டி நின்ன இந்த ஒரு மாசமா அந்தப் பக்கமே போவல."

"இனிமே அந்தம்மாவுக்கும் வேல மிச்சம்," என்றான் ராஜவேல்.



"ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுப்பா," என்றான் விமல்ராஜ்.

மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கடற்கரைச் சாலையில் வண்டி சத்தமே இல்லாமல் போனது. பிள்ளைச்சாவடிப் பூவரச மரம் வந்ததும் ஓரங்கட்டினார் குப்பன்.

"நின்னுடுச்சு," என்றார்.

"நீங்கதானய்யா பிரேக்கு..." என்று தொடங்கிய ராஜவேலின் தொடையை விமல்ராஜ் அழுத்தினான்.

எதிர்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. முதல் முறையாகக் குப்பன் அங்கே ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்த பெண் கண்ணைச் சுருக்கினாள். பிறகு உள்ளே போய்க் குடத்தோடு வந்தாள். புது வண்டியைச் சுற்றி நடந்தாள். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ராஜவேலிடம் கேட்டாள்.

"இது நடுவழியில நிக்குமா, நிக்காதா?"

ராஜவேல் அவளைப் பார்த்தான், குப்பனைப் பார்த்தான். விமல்ராஜின் கை இன்னும் தொடையை விடவில்லை.

"அடிக்கடி நிக்கும்மா," என்றான்.

"அப்ப ஒங்கப்பன இதையே வாங்கச் சொல்லுடா," என்று விமல்ராஜிடம் சொன்னாள், 'இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்' என்று ஆறு வருடத்துக்கு முன் சண்டை போட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட குப்பனின் மனைவி அங்கம்மாள்.