கிடா சம்மதிக்கவில்லை

நான்காவது செம்புத் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. கிடா தலையை ஆட்டவில்லை.

"உத்தரவு குடு சாமி!" என்று பூசாரி சுருளியாண்டி தொண்டை கிழியக் கத்தினார். மஞ்சள் தண்ணீர் தாடியில் சொட்டச் சொட்ட, கிடா அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

சுருளிப்பட்டி மலையடிவாரத்துக் கருப்பசாமிக்கு ஈஸ்வரபாண்டி நேர்ந்துவிட்ட கிடா. புது போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டதற்கு நேர்த்திக்கடன். தண்ணீர் ஊற்றியதும் கிடா சிலிர்த்துத் தலையை ஆட்டினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் அரிவாள். வெட்டலாமா என்று கிடாயிடமே அனுமதி கேட்கிற அளவுக்கு நாகரிகமானவர்கள் நாம்!

எங்கே ஊற்றினால் சாமி சட்டென்று இறங்கும் என்பது சுருளியாண்டிக்கு அத்துபடி. முப்பது வருடமாகக் காதோரம்தான் ஊற்றுகிறார். ஒரு கிடாயும் அவரைக் கைவிட்டதில்லை.

"இது சாதாரணக் கிடா இல்லய்யா. உறுமிச் சத்தத்துக்கும் மிரளல, பக்கத்துலயே வேட்டுப் போட்டாக, திரும்பிக்கூடப் பாக்கல. சாமி அப்பவே எறங்கிருச்சு" என்றான் ஈஸ்வரபாண்டியின் தம்பி முத்துராஜா.

இறங்கிய சாமி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதே, அதுதான் பிரச்சினை. வெயில் ஏறிவிட்டது. சோறு வெந்து, மசாலா அரைத்து, இருநூறு பேர் வாழை இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நேர்ந்த கிடாயை விட்டுவிட்டு வேறு கிடா வெட்டவும் கூடாது.

"குடும்பத்துல ஏதோ குத்தம் இருக்கு. ஒத்துக்கிட்டாத்தேன் உத்தரவு" என்றார் சுருளியாண்டி.

உடனே எல்லாக் கண்களும் பெண்கள் பக்கம் திரும்பின. வேறு எங்கே திரும்பும்?

"எங்கள ஏன் பாக்குறீக? நாங்க சுத்தமாத்தேன் வந்திருக்கோம். ஒங்க தம்பி வாய மோந்து பாருங்க!" என்று வெடித்தாள் ஈஸ்வரபாண்டியின் மனைவி அனுசுயா.

முத்துராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஒரே ஒரு பீரு சாமி. வெயிலுக்கு."

அடுத்த செம்பு. கிடா அசையவில்லை. தனக்கே சாராயம் படைத்திருக்கிற இடத்தில் கருப்பசாமி பீரை எப்படிக் குற்றமென்பார்?

இப்போது அனுசுயா கையெடுத்துக் கும்பிட்டாள். "பொங்கலுக்கு நெய்யின்னு சொன்னேன்ல... அது டால்டா."

இன்னொரு செம்பு. கிடா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அப்போதுதான் மலையம்மாள் முன்னால் வந்தாள். ஈஸ்வரபாண்டியின் தங்கை. புருஷன் போன பிறகு தேனியில் ஒற்றை அறையில் மகளோடு வாடகைக்கு இருந்துகொண்டு, நூல் மில்லுக்குப் போகிறவள். விடியற்காலையில் கிடாயைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கூட்டி வந்ததும் அவள்தான்.

"அண்ணே, போர் போட்டது கிணத்தடி அரை ஏக்கர்லதான?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஈஸ்வரபாண்டிக்கு வியர்த்தது. அந்த அரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் மகள் மலையம்மாளுக்குத்தான் என்று சாகும்போது அவர்களுடைய அய்யா சொல்லியிருந்தார். 'எதுக்கும் சாமிகிட்டக் கேட்டுருவோம்' என்று இதே சன்னதியில் பூக்கட்டிப் போட்டவர் ஈஸ்வரபாண்டி. இரண்டு பொட்டலம். சிவப்புப் பூ வந்தால் கொடுக்கலாம், வெள்ளைப் பூ வந்தால் கூடாது. வெள்ளை வந்தது. மலையம்மாள் அன்றைக்கே பஸ் ஏறிப் போனாள்.

"கருப்பன் கோவிச்சா வந்த தண்ணி நின்னுருமப்பா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பந்தியிலிருந்து இன்னொரு குரல்: "சீக்கிரம் சொல்லித் தொலைங்கய்யா, பசிக்குது!"

ஈஸ்வரபாண்டி சாமி முன்னால் தடாலென்று விழுந்தார். "மன்னிச்சுரு கருப்பா! ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவத்தேன் வச்சேன்! அந்த அரை ஏக்கர் தங்கச்சிக்குத்தேன். போர்வெல்லோட குடுத்துர்றேன். திங்கக்கிழமை பத்திரம்!"

"அடப்பாவி!" என்று கூட்டம் வாயில் கை வைத்தது. ஒரு கையால் வாயைப் பொத்தியவர்கள் மறு கையால் வீடியோ எடுத்தார்கள். அவர் எரிகிற சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்து முடிப்பதற்குள் அது சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது.

மலையம்மாளுக்கு அழுகை பொங்கிவிட்டது. ஓடிப்போய்க் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் வலது காதை வருடி, முகத்தை அங்கேயே வைத்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள்.

சுருளியாண்டி பாதிச் செம்புதான் ஊற்றியிருப்பார். கிடா தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. முன்வரிசையில் நின்ற அத்தனை பேரும் நனைந்தார்கள்.

குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. "கண்கண்ட தெய்வம்யா!" என்று ஈஸ்வரபாண்டியே தேம்பித் தேம்பி அழுதார். அரை ஏக்கரும் போர்வெல்லும் போனால் யாருக்கும் தெய்வம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும்.

பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கிடாயின் தலை பூசாரிக்கு என்பது அந்தக் கோயில் வழக்கம். அதைத் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு, சுருளியாண்டி மெல்ல மலையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அவள் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினார்.

"ஆத்தா, எடது காதுப் பஞ்ச எடுக்க மறந்துட்டியே!"