முன் சீட்டு

"பெல்ட்டை வயித்து மேல போடாதம்மா. வயித்துக்குக் கீழ, இடுப்போட ஒட்டி வரணும்" என்று பதறினார் தொப்பிக்காரர்.

முன் சீட்டில் மேடிட்ட வயிற்றோடு உட்கார்ந்திருந்தவள் பெல்ட்டைச் சரிசெய்தாள்.

அவர் டிரைவர் பக்கம் குனிந்தார். "ரெண்டு உசுரு இருக்குப்பா. பூ மாதிரி ஓட்டு."

கார் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது.

"கட்! விளம்பரம் பிரமாதமா வந்திருக்கு. எல்லாரும் கிளம்பலாம்" என்று கைதட்டினார், இயக்குநரான தொப்பிக்காரர்.

நடிகை புடவைக்குள்ளிருந்து தலையணையை உருவினாள். அவள் முகத்தைத் துடைக்க வந்த மேக்கப் பெண்ணுக்கு நிஜமாகவே எட்டு மாதம்.

"சார், நான் கார்ல வரட்டுமா? வேன்ல சீட்டே இல்ல."

"கார்ல கேமராவும் லென்ஸும் வருதும்மா. குலுங்கினா போச்சு. நீ வேன்ல லைட்டுப் பெட்டி மேல உட்காந்துக்கோ."

சொல்லிக்கொண்டே கேமராவை முன் சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

நடிகை தலையணையைக் கீழே எறிந்தாள்.

"சீ! அதை எறக்குங்க. இவங்க கார்ல ஏறலேன்னா, நான் டப்பிங் பேச வரமாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே கேமராவை மார்போடு அணைத்து வேனில் ஏறிய இயக்குநர், வேன் டிரைவரிடம் சொன்னார்: "பள்ளம் பாத்துப் போப்பா. கையில கேமரா இருக்கு."