யாரு வாங்கிக் குடுத்த பை?

"தொடாதீங்க மாமா! கை ஈரமா இருக்கு!"

மனைவி ஸ்ரீமதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். செந்தமிழ்ச்செல்வன் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மூன்று வருடம் கழித்து சிங்கப்பூரிலிருந்து சிதம்பரத்து வீட்டுக்கு முந்தாநாள்தான் வந்திருந்தான். வந்ததிலிருந்து இந்த அலமாரிக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

கூடத்தில் பழைய டிவி இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே விளக்கு. தட்டுத் தட்டாகப் பைகள். பெண்கள் தோளில் மாட்டுகிற பைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் நகைக்கடையில் இருக்க வேண்டியது போல மின்னியது.

"அசல் தோல் மாமா. ஈரம் பட்டா பூஞ்சை புடிச்சிடும்."

அவள் வெள்ளைத் துணியால் ஒரு பையை எடுத்து, குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தாள். வடிவம் கெடாமலிருக்க உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். சங்கிலி உரசாமலிருக்க அதற்கும் துணி சுற்றியிருந்தாள்.

"இது இத்தாலில செஞ்சது. இது கன்னுக்குட்டித் தோலு. இந்தக் கொக்கியைப் பாருங்களேன், என்னா நேர்த்தி!"

அவன் கொக்கியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். தான் வந்து இறங்கியபோது அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லையே!

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"தெரிஞ்சவுங்க ஒருத்தவுங்க. கூரியர்ல அனுப்பி வெப்பாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். மொதப் பை வந்தப்போ தொடவே புடிக்கல மாமா. மூலையில வீசிட்டேன். மழையில பூஞ்சை பூத்துடுச்சு. பாவம், அது என்னா பண்ணுச்சு? அப்புறந்தான் தொடச்சு எடுத்து வெச்சேன்."

முதலில் தொடப் பிடிக்கவில்லையாம், பிறகு பழகிவிட்டதாம். செல்வனுக்குக் காது சுட்டது. அந்த மாதிரிப் பை என்ன விலை விற்கும் என்று அவனுக்குத் தெரியும். எந்த ஆம்பளையும் ஒரு பெண்ணுக்கு அதைச் சும்மா வாங்கித் தர மாட்டான் என்பதும் நன்றாகவே தெரியும்.

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யாராக இருக்கும்? அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட் வைத்திலிங்கமா? அந்த ஆள் லீவு விட்டால் வெளிநாடு பறக்கிறவன். போன் பேசும்போதெல்லாம் 'எங்க சாரு, எங்க சாரு' என்று அவள் உருகுவாளே! கரும்பலகைக்கு வெள்ளையடித்த மாதிரி அவன் தலையில் நரை வேறு. அவனிடம் என்னத்தைக் கண்டாள்?

மறுநாள் காலை அவன் பல் துலக்கப் போனபோது, தோட்டத்துப் பக்கம் அவள் போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதுங்க... அந்தப் பழுப்பு கலரு ரொம்ப அழகு... நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க... ஆங், அவரு வந்துட்டாரு. அப்புறமா பேசுறேன்."

தன்னைத்தான் 'அவரு' என்கிறாள்! யாரோ மூன்றாம் மனிதனைச் சொல்வது போல. பிரஷ்ஷைக் கடித்தபடி செல்வன் அப்படியே நின்றான்.

அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஸ்ரீமதி அந்தப் பழுப்புப் பையைத்தான் மாட்டிக்கொண்டு வந்தாள். பந்தியில் பெண்கள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். மணப்பெண்ணின் அட்டிகையைக்கூட அப்படி யாரும் பார்க்கவில்லை.

"என்னாடி, செல்வன் வாங்கியாந்ததா?" என்று கேட்டாள் லோகநாயகி அத்தை.

"அவரு காசுதான் அத்தை" என்றாள் ஸ்ரீமதி, கண்ணைச் சிமிட்டாமல்.

"குடுத்து வெச்சவடி நீ!"

செல்வனுக்கு வாயிலிருந்த அல்வா கசந்தது. எவனோ கொடுத்ததை மாட்டிக்கொண்டு, புருஷன் காசு என்கிறாளே! அதுவும் அவன் காதுபட!

சாப்பாடு முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் சிதம்பரம் கிளம்பினார்கள். மத்தியான வெயில். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் அந்தப் பை. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவன் முதுகில் இடித்தது. வேறொருவன் நடுவில் உட்கார்ந்து வருவது போலவே இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டான்.

"எவன்டி அவன்?"

"எவன்?"

"பை வாங்கிக் குடுக்குறானே, அவன்! அந்தக் கரஸ்பாண்டன்ட்தானே? காலங்காத்தால போன்ல கொஞ்சுனியே, கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இதுல அத்தைகிட்ட என் காசுன்னு கூசாமப் பொய் வேற!"

கத்தியதில் அவன் குரல் உடைந்தது. ரோட்டில் போன ஒருவர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்ரீமதி பதறவில்லை. பையைத் தோளிலிருந்து எடுத்து, அதில் படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள்.

"நான் பொய் சொல்லல. உங்க காசுதான்."

"நான் எப்படி உனக்குப் பை வாங்கிக் குடுத்தேன்?"

"எனக்கு வாங்கல மாமா, சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ் ஏரியாவுல இருக்குற ஷர்மிளாவுக்கு வாங்குனீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சின்னு தெரிஞ்சதும் அவுங்களே என் நம்பரைத் தேடிப் புடிச்சு அழுதாங்க, நீங்க குடுத்தது எதுவும் வேணாம்னு ஒண்ணொண்ணா எனக்கு அனுப்பிட்டாங்க. எதையாச்சும் பார்த்துட்டு நீங்களே வாயத் தொறப்பீங்கன்னு இருந்தேன்... ஒண்ணைக்கூடவா உங்களுக்கு அடையாளம் தெரியல?"