மீன் மட்டும்

ஒன்ராறியோ ஏரியில் சால்மன் பிடிப்பவர்கள் தூண்டில்களை ஆழத்தில் இழுத்தபடி மெல்லப் போவார்கள். வதனியின் படகு தானே ஓடும், அடியில் கிடப்பதைத் திரையில் காட்டும், கேட்டால் பேசும்.

போன ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி, புயலில் அவள் கணவன் நேசன் அந்தப் படகிலிருந்து விழுந்தான். பொலிஸ் மூன்று கிழமை தேடிவிட்டுக் கையை விரித்தது. அதன்பின் திரையில் ஒரு மரக்கட்டை தெரிந்தாலும் வதனிக்கு நெஞ்சு பதறும். தாங்காமல் ஒருநாள், "எனக்கு மீனை மட்டும் காட்டு" என்று படகிடம் சொல்லிவிட்டாள்.

இன்று, இரண்டு நாளாக அவள் படகில் காசு கட்டி மீன்பிடிக்க வரும் சிவலோகன் கேட்டார்: "தங்கச்சி, நேற்றும் இந்த இடத்திலதானே படகு வளைஞ்சு போனது. என்ன விசயம்?"

வதனி படகைக் கேட்டாள்.

"அடியில ஒண்டு கிடக்கு அக்கா. தூண்டில் அதில கொழுவிச் சிக்கும். அதான் விலத்திப் போறன்."

"எப்ப தொடக்கம் கிடக்கு?"

"போன ஒக்டோபர் பன்னிரண்டு தொடக்கம்."

வதனி திரைப் பக்கம் திரும்பினாள்.

"காட்டட்டோ அக்கா?" என்றது படகு, அதே பணிவோடு.

திரையில் மீன்கள் மட்டுமே நீந்திக்கொண்டிருந்தன, ஓர் ஆள் நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்த இடத்தைச் சுற்றி.