முதலாளி உத்தரவு

"நோன்பு மாதத்தில் கேன்டீனுக்குப் பூட்டு! முதலாளி உத்தரவால் தொழிலாளர்கள் பட்டினி!"

செல்போனில் அந்தச் செய்தியைப் படித்ததும் ஆசாத்துக்கு நோன்புத் தாகமே மறந்துபோனது. போட்டோவில் இருந்தது துவாக்குடியில் இருக்கும் அவருடைய கம்பெனியேதான். பூட்டு வேறு பளிச்சென்று தெரிந்தது.

அதற்குள் பெங்களூர் பார்ட்டி லைனில் வந்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள மறுப்பு வரணும் சார். இல்லேன்னா ஆர்டரை மறந்துடுங்க."

அந்த ஆர்டர் போனால் கம்பெனியையே இழுத்து மூட வேண்டியதுதான். சூப்பர்வைசர் அறிவுமதியைக் கூப்பிட்டார்.

"யாரும்மா கேன்டீனைப் பூட்டினது? நானும் நோன்பு, அந்தப் பக்கமே போகல. எப்ப உத்தரவு போட்டேன்?"

"நாங்கதான் சார் பூட்டினோம்."

"நல்லா இருக்கு போ! படிக்கிறவன் என்னையில்ல காறித் துப்புறான்? வஹீதாவைக் கூப்பிட்டு அடுப்பைப் பத்தவைக்கச் சொல்லு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா பிரச்னை முடிஞ்சுது. சாவியைக் குடு."

"தர மாட்டேன் சார்."

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"கொஞ்சம் கேளுங்க சார். முதல் நோன்பு அன்னிக்கு வஹீதா அக்கா சாம்பார் வச்சாங்க. நோன்போட உப்பு பாக்க மாட்டாங்கல்ல? மறந்துபோய் ரெண்டு தடவை போட்டுட்டாங்க. கடல் தண்ணி தோத்துது போங்க! நாங்க மூச்சுவிடாம சாப்பிட்டோம்."

"அப்புறம்?"

"சின்னையண்ணன் சொம்பு சொம்பா தண்ணி குடிச்சதைப் பாத்து அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரே அழுகை. 'நோன்பை விட்டுடறேன், நாளைலேர்ந்து உப்பு பாத்தே சமைக்கிறேன்'னாங்க. எங்களுக்கு மனசு கேக்கல. பெருநாள் வரைக்கும் வீட்லேர்ந்து சாப்பாடு கொண்டாறதுன்னு முடிவு பண்ணிப் பூட்டிட்டோம். அக்காவைப் பேக்கிங்ல உக்கார வச்சிருக்கோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. அக்கா ரெண்டு மடங்கா இட்டுட்டாங்களே சார்!"

ஆசாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

அறிவுமதி தயங்கினாள். "சொன்னா சமையலுக்கு வேற ஆள் போட்டுடுவீங்களோன்னு பயம் சார்."

ஆசாத்துக்கே தெரியும். போட்டிருப்பார்.

"நாங்க சொன்னா அக்கா ஒத்துக்க மாட்டாங்க. அதனால 'முதலாளி உத்தரவு'ன்னு சொல்லி வச்சோம். பூட்டைப் பாத்து விசாரிக்க வந்த நிருபர்கிட்ட அவங்களும் பெருமையா அதையே சொல்லிட்டாங்க போல. பட்டினிங்கிறது மட்டும் அந்த ஆளோட கைச்சரக்கு. அக்கா தினமும் கையேந்தி உங்களுக்குத்தான் சார் துஆ கேக்குறாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வஹீதா அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் சொன்னாள்.

ஆசாத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படிப்பட்ட ஜனங்களைக் கொடுத்ததற்கு "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னார். பிறகு செய்தி போட்டவருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அப்ப கேன்டீனைப் பூட்டினது உண்மைதானே சார்? எதைத்தான் மறுக்கிறீங்க?"

"'முதலாளி உத்தரவு'ன்னு போட்டிருக்கீங்களே, அதைத்தாங்க. அவ்வளவு நல்ல மனசு எனக்குக் கிடையாது."