கரடி வாங்கிய விஸ்கி

காட்டு பங்களாவில் யாரோ விட்டுப்போன பழைய விஸ்கி பாட்டில் ஒன்றை நரி கரடியின் தலையில் கட்டியது. விலை இருபது தேனடை.

"குடிச்சிடாதீங்க அண்ணே. வைக்க வைக்க விலை ஏறும். அடுத்த வருஷம் நாற்பதுக்குத் தள்ளிடலாம்" என்றது. கரடி சேர்த்து வைத்திருந்த தேனையெல்லாம் கொடுத்து வாங்கியது.

அடுத்த வருஷம் மழை இல்லை. காட்டில் பூவும் இல்லை, தேனும் இல்லை. கரடியின் குட்டி இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தது. கரடி பாட்டிலை எடுத்துக்கொண்டு புலியிடம் போனது.

"முப்பது வருஷத்துச் சரக்கு ஐயா. பார்த்துக் கொடுங்க."

"குடிக்கத் தண்ணியில்லாம நாக்கு வறண்டு அலையறேன். இதைக் கொண்டாந்து காட்டுறியே, போயா" என்றது புலி.

ஏமாந்த கோபத்தில் நரியின் முகத்தில் விழிப்பதில்லை என்றிருந்த கரடி, வேறு வழியில்லாமல் அதன் குகைக்கே போனது. உள்ளே தேனடைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"பாட்டிலை வச்சுக்கிட்டு என் தேனைக் கொடுடா."

"ஒரு அடை தரேன் அண்ணே."

"இருபது கொடுத்தேனேடா, திருட்டுப்பயலே!"

"அப்ப வாங்குறதுக்கு ஒரு கரடி இருந்துச்சு. இப்ப யார் இருக்கா, சொல்லுங்க?"

கரடி கொஞ்ச நேரம் யோசித்தது. அந்த ஒரு அடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. குட்டியிடம், "இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றது. பிறகு பாட்டிலைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் வேறு கரடி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தபடியே நடந்தது.